சம்பளம் 30,000, பிள்ளை பார்க்க 12,000: கணக்கு எங்கே பிழைக்கிறது?

பிரசவ விடுமுறை முடிய இரண்டு கிழமை இருக்கும்போதுதான் பல வீடுகளில் இந்தக் கணக்கு தொடங்கும். சம்பளம் இவ்வளவு, பிள்ளை பார்க்கிறவருக்கு இவ்வளவு, பஸ் காசு இவ்வளவு. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பத்தாயிரமோ பன்னிரண்டாயிரமோ. "இந்தக் காசுக்கா பச்சைப்பிள்ளையை விட்டிட்டுப் போறாய்?" என்று மாமி ஒரு சொல் சொன்னால் போதும், விலகல் கடிதம் தயார்.

சில வீடுகளுக்கு அந்த முடிவு சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் கழித்தல் சரியில்லை. பிள்ளை இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்க, பராமரிப்புச் செலவு முழுவதும் தாயின் சம்பளத்தின் தலையில் ஏறுகிறது. கைக்கு வராமல் சேரும் காசு கணக்கில் இல்லை. வீட்டை விட்டு எத்தனை மணி நேரம் போகிறோம் என்பதும் இல்லை. இலங்கையின் வடக்கே வன்னியில் கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். ஊர்கள் தூரம், பஸ் குறைவு, முன்பள்ளி மதியத்துக்கு முன்னரே விடும்.

கீழே வரும் தொகைகளில் சட்டத்தில் உள்ளவை தவிர மற்றவை உதாரணத்துக்குப் போட்டவை. அந்தந்த இடத்தில் உங்கள் வீட்டுத் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

கைக்கு வராத காசு

2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. இதில் 8 வீதம், அதாவது 2,400 ரூபா, உங்களிடம் இருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு வெட்டப்படும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 3,600 ரூபா, கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம், 900 ரூபா. அதுவும் முதலாளியின் காசுதான். எல்லாம் கூட்டினால் மாதம் 6,900 ரூபா உங்கள் பெயரில் சேர்கிறது. ஓவர்டைம் காசுக்கு இந்த வீதங்கள் பொருந்தாது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்து ஓவர்டைமால் நிரப்பும் இடங்களில் சேமலாபம் மெலிந்துதான் இருக்கும்.

அடுத்தது பணிக்கொடை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருட சேவையை முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. 30,000 ரூபா சம்பளத்தில் 5 வருடம் முடித்தால் 75,000 ரூபா. 4 வருடமும் பத்து மாதமும் வேலை செய்துவிட்டு விலகினால் ஒன்றுமில்லை. பிள்ளைக்காக வேலையை விடுகிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். இருபது வயதில் தொழிற்சாலையில் சேர்ந்து, இரண்டொரு வருடத்தில் கலியாணம் முடித்து, மூன்றாம் நாலாம் வருடத்தில் பிள்ளை பெறுகிறவருக்கு ஐந்தாம் வருடம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

இதற்கு எதிர்ப்பேச்சும் நியாயமானதே. சேமலாபம் பூட்டிய பெட்டி. பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில்தான் திறக்கும். திருமணத்தைக் காரணம் காட்டி விலகும் பெண்ணுக்கு விதிவிலக்கு இருக்கிறது. பிள்ளை பராமரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. நுண்கடனுக்குக் கிழமைக் கட்டணம் கட்டுகிற வீட்டில், 50 வயதில் வரும் காசைக் காட்டி இன்றைக்கு அரிசி வாங்க முடியாது. ஆகவே இந்த 6,900ஐக் கைக்காசுக்குச் சமமாக எண்ண வேண்டாம். கடன் நெருக்கடி உள்ள வீடு அதைப் பாதியாக மதித்தால் போதும். கடன் இல்லாத வீடு முழுதாகவே எண்ணலாம்.

வேலை செய்யும் இடம் இந்தக் காசைக் கட்டுகிறதா என்பதை முதலில் பாருங்கள். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் சேமலாபம் கட்டுவது கட்டாயம். அப்படியிருந்தும் கட்டாத கடைகள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவருக்கு 6,900 என்ற பேச்சே இல்லை. அதற்குத் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

மணிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

மாத முடிவில் மிஞ்சும் தொகையைப் பிள்ளையை விட்டுப் பிரிந்திருக்கும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். மூன்று வேலைகளை வைத்துச் செய்து பார்ப்போம்.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலை. அடிப்படை 30,000, நாள் தவறாமல் வருவதற்குத் தரும் வரவுப்படியும் ஓவர்டைமும் 6,000. சேமலாபம் வெட்டிய பிறகு கையில் 33,600. பிள்ளை பார்க்க 12,000, பால், டயப்பர், பிள்ளையின் சாப்பாட்டில் கூடுகிற செலவு 3,500, உங்கள் சில்லறைச் செலவு 1,500, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நீங்கள் வீட்டில் நிற்கும் நாளில் சம்பளமும் வரவுப்படியும் போவதால் சராசரியாக 1,600. மிச்சம் 15,000. தொழிற்சாலை பஸ் இலவசம்தான். ஆனால் அது ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு போகும். காலை 5.45க்கு வெளிக்கிட்டு மாலை 6.15க்குத் திரும்பினால் நாளுக்கு பன்னிரண்டரை மணி நேரம், 25 நாளைக்கு 312 மணி. மணிக்கு 48 ரூபா. கைக்கு வராமல் சேரும் 6,900ஐயும் பணிக்கொடைப் பங்கு 1,250ஐயும் முழுதாகச் சேர்த்தால் 74 ரூபா.

வவுனியா நகரில் ஒரு புடவைக்கடை, சேமலாபம் கட்டாத இடம். சம்பளம் 30,000. பகல் பராமரிப்பு நிலையத்துக்கு 15,000, ஓமந்தைப் பக்கம் இருந்து வந்து போக பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் 5,000, மற்றது 2,000. மிச்சம் 8,000. நாளுக்கு 11 மணி, 26 நாள், 286 மணி. மணிக்கு 28 ரூபா. முதலாளி சேமலாபம் கட்டவும் மாட்டார், நேரத்தைத் தளர்த்தவும் மாட்டார் என்றால், பிள்ளைக்கு மூன்று வயதாகும் வரை இந்த வேலையைத் தாங்கிப் பிடிக்க வலுவான காரணம் இல்லை. பிறகு திரும்பிப் போனாலும் இதேபோன்ற வேலை இதேபோன்ற சம்பளத்தில் கிடைக்கும். விட்டால் இழப்பது அந்த மாதச் சம்பளம் மட்டுமே.

கிளிநொச்சியில் வீடு, துணுக்காய் வலயத்தில் பாடசாலை, நிரந்தர ஆசிரியர். கையில் 60,000 என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பு 15,000, பயணம் 7,000, பிள்ளையின் மேலதிகச் செலவு 3,000. மிச்சம் 35,000. நாளுக்கு 9 மணி, 20 நாள், 180 மணி. மணிக்கு 194 ரூபா. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் பராமரிப்புச் செலவு குறையும். ஓய்வூதியம் இந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. நிரந்தர அரச வேலையைப் பராமரிப்புச் செலவுக்காக விடுவது எப்படிப் பார்த்தாலும் நட்டம். அங்கே தீர்க்க வேண்டியது தூரத்தை. இடமாற்றம், தற்காலிக இணைப்பு, பாடசாலைக்குப் பக்கத்தில் வாடகை வீடு என்று அந்த வழியில்தான் யோசிக்க வேண்டும்.

திட்ட அடிப்படையில் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஒரே கேள்விதான்: ஒப்பந்தம் எப்போது முடிகிறது? பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது திட்டமும் முடியும் என்றால், அதுவரை சமாளித்து முடித்து, சேவைக் கடிதத்தோடு வெளியே வருவது நல்லது.

பத்துக் கிழமைப் பிள்ளையும் பால்மாக் கணக்கும்

எப்போது வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. தொழிற்சாலைகளுக்குப் பொருந்தும் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் 84 நாள் என்பது விடுமுறை நாள்களும் அடங்கிய 12 கிழமை. பிரசவத்துக்கு முன் இரண்டு கிழமை எடுத்தால் பின்னால் பத்துக் கிழமைதான். கடை, காரியாலய ஊழியருக்கு அதே 84 நாளில் வாராந்த விடுமுறையும் போயா நாளும் சேராது, ஆகவே மூன்று மாதத்தைத் தாண்டும். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தில் 84 வேலை நாள்களும், அதன் பின் அரைச் சம்பளத்தில் 84 நாளும், சம்பளமில்லாமல் 84 நாளும் இருக்கின்றன.

பத்துக் கிழமைப் பிள்ளைக்குத் தாய்ப்பால் நின்றுவிட்டால் எல்லாக் கணக்கும் குழம்பும். இரண்டு மூன்று மாதப் பிள்ளை நாளுக்கு 750 முதல் 900 மில்லிலீற்றர் வரை குடிக்கும். 100 மில்லிலீற்றருக்கு 13 கிராம் அளவில் மா போகும். நாளுக்கு 100 முதல் 120 கிராம் என்றால் 400 கிராம் பெட்டி நாலு நாளுக்கு மேல் தாங்காது. மாதத்துக்கு எட்டு ஒன்பது பெட்டி. கடையில் ஒரு பெட்டியின் விலையைக் கேட்டு 9 ஆல் பெருக்குங்கள். மேலே மிஞ்சிய 15,000 பெரும்பாலும் அதற்குள் கரைந்துவிடும். செலவைக் குறைக்க மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தால் பிள்ளையின் நிறை ஏறாது, கிளினிக் தராசு உடனே காட்டிக்கொடுக்கும்.

எனவே முதல் ஆறு மாதத்துக்கு, பால் கறந்து வைக்க முடியுமா என்பதே வேலை கட்டுமா என்பதைத் தீர்மானிக்கும். தொழிற்சாலையில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு நாளுக்கு இரண்டு பாலூட்டல் இடைவேளைகள் சட்டப்படி உண்டு. பிள்ளையை வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், கொடுக்காவிட்டால் ஒரு மணி. இருபது கிலோமீற்றருக்கு அப்பால் வீடு இருந்தால் அந்த ஒரு மணியில் வீட்டுக்குப் போய்வர முடியாது. அதைப் பால் கறக்கப் பயன்படுத்தலாம், அல்லது இரண்டையும் சேர்த்து முன்னரே வெளிக்கிட விடுவார்களா என்று மேலாளரிடம் கேட்கலாம். கறந்த பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 பாகைக்குச் சொன்ன கணக்கு. ஏப்ரல் மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே அந்த நாலு மணியை நம்பக் கூடாது. ஐஸ் போட்ட பெட்டியில் ஒரு நாள், குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் வைக்கலாம்.

அரச ஊழியருக்கு ஒரு சின்ன விடயம். முழுச் சம்பள விடுமுறை முடிந்ததும் அரைச் சம்பள விடுமுறை எடுக்காமல் திரும்பினால், பிள்ளைக்கு ஆறு மாதமாகும் வரை ஒரு மணி நேரம் முன்னரே போகலாம். வேலை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இது லாபம். தூரமென்றால் அரைச் சம்பள விடுமுறைதான் நல்லது. பராமரிப்புச் செலவும் பயணச் செலவும் இல்லாத அந்த அரைச் சம்பளம், கணக்கில் அநேகமாக முழுச் சம்பளத்தின் மிச்சத்துக்குக் கிட்ட வரும்.

யார் பார்ப்பது?

அம்மம்மா பார்ப்பது இலவசம் என்று எழுதுவதுதான் இந்தக் கணக்கின் மிகப் பெரிய பொய். அவர் தன் கோழியை, கச்சான் உடைக்கப் போகிற நாள்கூலியை, கோயில் போக்கை விட்டுவிட்டு வருகிறார். மாதம் 5,000 என்றாலும் கையில் கொடுங்கள். கொடுத்தால்தான் "நாளைக்கு ஏலாது" என்று முன்கூட்டிச் சொல்லும் பேச்சும் இரண்டு பக்கமும் வரும்.

நாலு மாதப் பிள்ளைக்கு அம்மம்மாவைப் போல ஆள் கிடைக்காது. பதினாலு மாதத்தில் பிள்ளை ஓடும், அம்மம்மாவுக்கு முழங்கால் நோகும். வன்னி வளவுகளில் இது சின்ன விடயமல்ல. கட்டில்லாத கிணறும், மழைக்குப் பிறகு நிரம்பிய குழியும், விறகுக் குவியலுக்குள் பாம்பும் இருக்கும். பிள்ளையை எங்கே விடுவதாக இருந்தாலும் அந்த வளவின் கிணற்றை முதலில் போய்ப் பாருங்கள். இடுப்பளவு கட்டோ, பூட்டிய கம்பிவலை மூடியோ இல்லாவிட்டால் அதைச் செய்யும் செலவை முதல் மாதக் கணக்கில் எழுதுங்கள். பிள்ளை தவழும் வரை அம்மம்மா, நடக்கத் தொடங்கியதும் வயதில் இளைய ஒருவரும் கூட என்று இப்போதே பேசி வைப்பது, பதினாலாம் மாதத்தில் வேலையை விட வேண்டி வருவதைத் தடுக்கும்.

அயலில் கூலிக்குப் பார்க்கிறவர் இரண்டாவது வழி. அவருடைய கூலியை வயலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலபோக அறுவடை வரும் மாசி, பங்குனியில் நாள்கூலி வேலை கூடும். மாதம் 12,000, 25 நாளுக்கு நாளொன்றுக்கு 480 ரூபாதான். அந்த நேரத்தில் அவர் வயலுக்குப் போக நினைத்தால் குறை சொல்ல முடியாது. அறுவடைக் காலத்து இரண்டு மாதத்துக்கும் கூட்டிக் கொடுக்கச் சம்மதித்தால் ஆள் நிற்பார். இல்லாவிட்டால் அந்த மாதங்களில் நீங்கள் நிற்க வேண்டி வரும், வரவுப்படி போகும்.

பகல் பராமரிப்பு நிலையம் நகரங்களுக்கு வெளியே அரிது. கிடைத்தால் விலையை விட மூடும் நேரத்தைக் கேளுங்கள். மாலை 5 மணிக்குப் பூட்டும் நிலையம் 6.15க்குத் திரும்பும் தாய்க்கு உதவாது. அந்த ஒன்றே கால் மணிக்கு இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், புட்டிப்பால் போத்தலை அவிப்பது யார், காய்ச்சல் பிள்ளையை ஏற்பார்களா, யார் வந்தால் பிள்ளையைக் கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். காய்ச்சல் பிள்ளையை ஏற்காத நிலையம் நல்ல நிலையம்தான், ஆனால் அந்த நாளுக்கு உங்களுக்கு வேறொரு வழி வேண்டும்.

கிளினிக் நாள்கள் முன்னரே தெரிந்தவை. தடுப்பூசி 2, 4, 6, 9, 12, 18 மாதங்களில். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம். வேலைக்குத் திரும்பிய பிறகு ஒன்றரை வயதுக்குள் ஐந்து தடவை, தடவைக்கு இரண்டு நாள் என்று பத்து நாள் லீவை இப்போதே ஒதுக்கி வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்கும் சில நாள் வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் நீரில் மூழ்கியதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

ஒரு வழியை மட்டும் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்: மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு விடாமல் மறிப்பது. 16 வயது வரை கல்வி கட்டாயம். பத்து வயது அக்கா தம்பியைப் பார்ப்பதால் மிஞ்சும் 12,000, அவளுடைய படிப்பிலிருந்து கழிபடுகிறது.

மூன்று வயதுக்குப் பிறகு

முன்பள்ளி தொடங்கினால் செலவு பாதியாகும் என்று பலர் நினைப்பார்கள். முன்பள்ளி காலை எட்டுக்குத் தொடங்கி மதியத்துக்கு முன் முடியும். பாடசாலை 1.30 வரை, சின்ன வகுப்புகள் அதற்கும் முன்னரே விடும். முழுநாள் ஆள் அரைநாள் ஆளாக மாறுவார், ஆனால் கூலி பாதியாகக் குறையாது. மூன்றில் இரண்டு பங்குக்குப் பேசி முடித்தால் பெரிய காரியம்.

இந்த இடைவெளியை அடைப்பதில் தகப்பன்மாரின் வேலை உதவும். ஓட்டோ ஓட்டுகிறவர் 11.30க்கு முன்பள்ளி வாசலில் நிற்கலாம். மேசன் வேலைக்குப் போகிறவரால் முடியாது. வயலும் மாடும் உள்ளவர் மதிய வெயிலில் எப்படியும் வீட்டில்தான் இருப்பார். ஆனால் பல வீடுகளில் அவரைக் கேட்பதே இல்லை. ஒருவர் வேலையை விட வேண்டும் என்றே வந்தால், அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சேமலாபமும் நிரந்தரமும் யாருடைய வேலையில் இருக்கிறதோ அது நிற்கட்டும்.

வீட்டில் இருந்து உழைப்பது

தையல், கோழி, வீட்டுத்தோட்டம், ரியூஷன். விலகுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் மாற்று வழி. மணிக்கு 48 ரூபாவை வெல்வது தையலுக்குக் கஷ்டமில்லை. சட்டை தைக்கும் கூலியை அதைத் தைக்கும் மணிகளால் வகுத்தால் தெரியும். கஷ்டம், அந்த மணிகள் எங்கே கிடைக்கும் என்பதில். ஒன்றரை வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் ஊசிக்கும் கத்தரிக்கோலுக்கும் பக்கத்தில் பிள்ளை இல்லாத நேரம் நாளுக்கு இரண்டு மூன்று மணிதான். மாதத்துக்கு 70 மணி. மணிக்கு 150 ரூபா கிடைத்தாலும் 10,500 ரூபா. அதுவும் தைப்பொங்கல், தீபாவளி, பள்ளிச் சீருடைக் காலத்தில் குவியும், ஆடி மாதத்தில் காயும். தொழிற்சாலையில் மிஞ்சிய 15,000க்கு அது ஈடாகாது, புடவைக்கடையில் மிஞ்சிய 8,000ஐ வெல்லும்.

மெஷினைக் கடனுக்கு வாங்கித் தொடங்குவதானால், கிழமைக் கட்டணத்தை அந்த 10,500இல் இருந்து கழித்த பிறகு பாருங்கள்.

தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மார் வன்னியில் ஏராளம். அவர்களுக்கு வேலை கட்டுமா என்ற கேள்வி இல்லை, எந்த வேலை என்பதுதான் கேள்வி. பன்னிரண்டரை மணி நேர வேலையை விட, சம்பளம் ஐயாயிரம் குறைந்தாலும் ஊருக்குள் எட்டு மணி நேர வேலை நல்லது. பிள்ளை பார்க்கிற ஆள் வராத நாளில் ஓடி வர அவர்களுக்கு வேறு யாரும் இல்லை. அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவு கிடைக்கும் வீடுகளில் "வேலைக்குப் போனால் வெட்டிப்போடுவினம்" என்ற பயம் இருக்கும். அந்தத் தெரிவு 22 சுட்டிகளை வைத்து நடக்கிறது, சம்பளம் ஒன்றை வைத்து அல்ல. வேலைக்குப் போகும் முன் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

கடிதம் கொடுக்கும் முன்

விடுமுறையின் கடைசி இரண்டு கிழமையும் ஒத்திகை பாருங்கள். முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரம், பிறகு அரைநாள், கடைசி நாலு நாள் நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்கே வெளிக்கிட்டு, திரும்பும் நேரத்துக்கே வாருங்கள். புட்டியோ கரண்டியோ வேண்டாம் என்று பிள்ளை முகத்தைத் திருப்புவதும், பார்க்கிறவர் ஏழு மணிக்கு முன் எழும்பாதவர் என்பதும் இந்த நாலு நாளில் வெளிவரும். வேலை தொடங்கிய பிறகு தெரிந்தால் அது சம்பளமில்லாத நாளாகிவிடும்.

ஒத்திகை சரிவராவிட்டாலும் உடனே விலக வேண்டாம். சம்பளமில்லா விடுமுறை தருவார்களா, காலை ஷிப்டுக்கு மட்டும் மாற்றுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தையல் லைனில் பழக்கமான கையைப் புதிதாகப் பழக்கும் செலவு நிறுவனத்துக்குத் தெரியும், ஆகவே நீங்கள் நினைப்பதை விட அவர்கள் இறங்கி வரக்கூடும். ஐந்து வருடத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று நியமனக் கடிதத் திகதியிலிருந்து எண்ணுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் பராமரிப்புக்கு மாதம் 18,000 கொடுத்தாவது இழுத்து முடிப்பது லாபம். ஆறு மாதத்துக்கு மேலதிகச் செலவு 36,000, கிடைப்பது 75,000.

விலகியே ஆக வேண்டுமென்றால் சேவைக் கடிதத்தையும், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும், கடைசிச் சம்பளப் பற்றுச்சீட்டையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் சேமலாபப் பதிவில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். கலியாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியவர்கள் 50 வயதில் அலைவது பெரும்பாலும் இந்த ஒரு எழுத்துப் பிழைக்காகத்தான். ஊழியர் நம்பிக்கை நிதியை வேலை விட்டவுடன் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். அடுத்த வருடமே வேறு வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால் இப்போது எடுக்காமல் விடுங்கள்.